தலை கிள்ளத் தழைத்த பேரவை

மாபெரும் இயக்கங்கள் எல்லாம் மலையடிவாரத்திலும் சிறைச்சாலையிலும்தான் பிறக்கும் என்று நம்புகிறவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது. இங்கே ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில், இரண்டடிக் கண்ணாடித் தொட்டிக்குள், ஒரே ஒரு தண்டுச்செடியிலிருந்து ஆறு இயக்கங்கள் பிறந்தன. அதுவும் நாலே வாரத்தில். இப்படி ஒரு சாதனையைக் கண்டு பூரிக்காதவன் தமிழனே இல்லை.

தொட்டி நாகையாவுடையது. ரயில்வேயில் முப்பது வருஷம் உழைத்து ஓய்ந்தவர். முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீடு வந்த மறுநாளே லிப்ட் படுத்துக்கொண்டது. 'ரோசாக்', அதாவது பழுது, என்று கீழ்த்தளத்து லிப்ட் கதவில் ஒரு தாளை ஒட்டினார்கள், பழுது பார்க்கும் பணி அத்துடன் இனிதே நிறைவுற்றது. மனைவி வள்ளியம்மா மகள் பிரசவத்துக்காகக் கிள்ளானில் இருந்தார். பேத்தி பிறந்தாள். முப்பதாம் நாள் தொட்டில். தொட்டி மேலே இருந்தது, தொட்டில் கிள்ளானில் இருந்தது, நடுவில் நூற்றறுபது படிகள் இருந்தன. பேத்தியைக் கையில் வாங்க வேண்டும், அவ்வளவுதான் அந்த மனுஷனின் ஆசை.

செடியை வாங்கிக் கொடுத்தது மருமகன் குகன்.

"பொழுது போகும் மாமா. இது சாகாது லா. உரம் வேணாம், தண்ணிக்குள்ள காஸ் விட வேணாம், சாதா லைட்டு போதும். வளந்தா தலைய வெட்டிப் பக்கத்துல நடுங்க. ஒரே வாரத்துல வேர் விட்டுத் தனிச் செடியா நிக்கும்."

நின்றது. நலம் விசாரிக்க மூச்சு வாங்க ஏறிவந்த கீழ்மாடிக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு தலையை வெட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். ஆறு பேர் வாங்கினார்கள். அவரையும் சேர்த்தால் ஏழு. ஒரே இடத்தில் ஏழு தமிழர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று சொன்னால் மேற்கொண்டு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 'கிள்ளான் பள்ளத்தாக்கு நீர்வாழ் தண்டுச்செடி ஆர்வலர் பேரவை' நாகையாவின் ஹாலிலேயே உதயமானது. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர் என ஆறு பதவிகளும் 'போட்டியின்றி' நிரம்பின. ஏழாவது ஆளான நாகையாவுக்கு மிச்சமிருந்தது உறுப்பினர் பதவி.

"லிப்டைப் பத்தி ஒரு லெட்டர் போட்டீங்கன்னா நல்லாருக்கும்" என்றார் அவர்.

"முதல்ல நிர்வாகம் அமையட்டும் அண்ணே" என்றார் தலைவர் கமலநாதன், பெட்டாலிங் ஜெயாவில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். "லிப்ட் எங்க போயிடப் போவுது?"

அது எங்கேயும் போகாததுதான் பிரச்சினை என்று நாகையாவுக்குச் சொல்ல வந்தது. சபை மரியாதை கருதி முழுங்கிவிட்டார்.

இரண்டாவது கூட்டத்தில் கொள்கைப் பிரச்சினை எழுந்தது. செடியின் தலையைக் கத்தரியால் வெட்டுவதா, நகத்தால் கிள்ளுவதா?

"வெட்டறதுதான் முறை. மினிட்ஸ்ல ஏத்தியாச்சு" என்றார் கமலநாதன்.

"நம்ம பேர்லயே கிள்ளான் இருக்கு. வெட்டான்னா இருக்கு?" என்றார் செயலாளர் சந்திரகலா.

இந்த வாதத்துக்குப் பதில் சொல்ல எந்த அறிஞராலும் முடியாது. சந்திரகலா அன்றைக்கே தன் தலையோடு, அதாவது செடியின் தலையோடு, வெளியேறிக் 'கிள்ளுவோர் பேரவை' கண்டார். வெட்டவும் வேண்டாம் கிள்ளவும் வேண்டாம், சும்மா மிதக்கவிட்டாலே வளரும் என்ற நடுநிலையாளர் லோகன் 'மிதவாதப் பேரவை' தொடங்கினார். மற்ற மூவரும் சும்மா இருப்பார்களா? செடி எப்படிப் பெருகியதோ அப்படியே சங்கமும் பெருகியது. எங்கே வெட்டினாலும் ஒரு தலைவர்.

தலைவர்கள் சேர்ந்தார்கள், சரி. உறுப்பினர் வேண்டாமா? அந்த அடுக்குமாடியில் பதவி ஆசை இல்லாமல் மிச்சமிருந்த ஒரே ஜீவன் ஒன்பதாவது மாடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. ஆறு தலைவர்களும் தனித்தனியாக நூற்றறுபது படி ஏறி வந்து ஃபாரம் நீட்டினார்கள். நாகையா ஆறிலும் கையெழுத்துப் போட்டார். ஆறு பேரிடமும் லிப்டைச் சொன்னார். ஆறு பேரும் கடிதம் போட்டார்கள், பொய் சொல்லக்கூடாது.

நிர்வாக அலுவலகத்திலிருந்து விஷ்ணுப்ரியா என்ற பெண் போன் செய்தாள்.

"அங்கிள், லிப்டுக்கு ஆறு லெட்டர் வந்திருக்கு. ஒவ்வொண்ணுலயும் கடைசியில, மத்த அஞ்சையும் ஏத்துக்காதீங்கன்னு எழுதியிருக்கு. பாஸ் கேக்கறாரு, எதைத்தான் ஏத்துக்கறது?"

"ஒண்ணையும் ஏத்துக்க வேணாம்மா. ரிப்பேர் பண்ணுங்க, போதும்."

"அதுக்கு ஒரே அசோசியேஷன் லெட்டர் வேணும் அங்கிள்."

முப்பதாம் நாள் நெருங்கிவிட்டது. "நாலு பேர் இருந்தா நாற்காலியோட இறக்கிடலாம் மாமா" என்றான் குகன். "நாலு பேர் தூக்கற நாள் வேற இருக்குப்பா" என்று சிரித்துக்கொண்டே நாகையா தலைவர்களுக்குப் போன் போட்டார். அன்றைக்குத்தான் 'ஒற்றுமை மாநாடு' என்றார்கள் எல்லாரும். நாற்காலியில் உட்கார ஆறு பேர் இருந்தார்கள், தூக்க ஆளில்லை.

ஆக, நாகையா பேத்தியைக் கைபேசியில் பார்த்தார். வள்ளியம்மா குழந்தையைக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்து, "தாத்தா பாரு, தாத்தா பாரு" என்றார். குழந்தை கொட்டாவி விட்டது. நாகையாவுக்கு அழுகை வந்தது, அழுதார். கீழ்த்தளத்திலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் ஒன்பது மாடி ஏறி வந்தது, கைதட்டலும் வந்தது.

மாநாடு மகத்தான வெற்றி. ஆறு பேரவைகளும் ஒரே கூட்டமைப்பாயின, ஆறு பேரும் 'இணைத் தலைவர்கள்' ஆனார்கள். லிப்ட் தீர்மானம், முன்மொழிய உறுப்பினர் யாரும் அவையில் இல்லாததால் ஒத்திவைக்கப்பட்டது. கீழே கூட்டப்பட்ட எந்தக் கூட்டத்துக்கும் வராமல் இயக்கத்தை அவமதித்த உறுப்பினர் நாகையா ஏகமனதாக நீக்கப்பட்டார். எல்லாரும் தலைவர்களாகவே உள்ள ஒரு சமுதாயத்தை உலகில் முதன்முதலாகப் படைத்துக் காட்டிவிட்டோம். வாழ்க நாம்.

நீக்கல் கடிதத்தை முறைப்படி சம்பந்தப்பட்டவர் பார்வைக்கு வைத்துவிட்டார்கள். நாகையா இன்னும் படிக்கவில்லை. அது கீழே, லிப்ட் கதவில் ஒட்டியிருக்கிறது.