பதினொருவரைப் பிடித்தேன், இருவர் தப்பினர்

"ஐப்பசி 4, செவ்வாய். காலை 6.20. கண்மாய்க்கரை. காற்று வடகிழக்கு. பதினொருவரைப் பிடித்தேன். இருவர் தப்பினர். மீதி ஒன்பது பேருக்கும் இடது பக்கம் அக்காவின் நகப்பாலிஷ். யாரும் முரண்டு பிடிக்கவில்லை."

இது என் நோட்டில், என் கையெழுத்தில் உள்ள குறிப்பு. ஆண்டை மட்டும் இங்கே விட்டுவிடுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் இன்னும் அதே பரளச்சி பஸ்ஸில்தான் போய்வருகிறார்கள்.

பிடிபட்டவர்கள் தட்டான்கள். மழைக்கு முந்தி கூட்டமாகப் பறக்குமே, அந்தத் தட்டாரப்பூச்சி. எங்கள் ஊரில் அது தாழப் பறந்தால் மழை வரும் என்பதோடு விஷயம் முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை. வாடைக்காற்று திரும்பியதும் இவை மேலே ஏறி, காற்றின் முதுகில் உட்கார்ந்து, இந்தியாவிலிருந்து மாலத்தீவு போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவரை போவதாக ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள் என்று படித்திருந்தேன். ஒரு கிராம் எடைகூட இல்லாத உருப்படி! நான் அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை போவதற்கே ஜன்னல் சீட்டு பார்த்து ஏறுகிறவன். கடலைத் தாண்டுகிறவர்களை அஃறிணையில் எழுத எனக்கு மனம் வரவில்லை. உயர்திணையில் எழுதினேன். வினை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் ஊர்த் தட்டான்தான் மாலத்தீவு போகிறதா என்று நானே நிரூபித்துவிடுவது என்று முடிவு செய்தேன். (வயது இருபத்தொன்பது. ஆறு வரன் தட்டிப்போயிருந்தது. வேறு வேலை?) அடையாளம் வைக்கச் சாயம் வேண்டும். அப்பா நடத்துவது பெயின்ட் கடை. ஆனால் எனாமல் பூசிய முதல் தட்டான் பறக்க மறுத்து, கருவேலங்குச்சியில் தொங்கியபடி என்னையே பார்த்தது. பாவம் பற்றிக்கொண்டது. அதன் பிறகுதான் அக்காவின் சிவப்பு நகப்பாலிஷ், இறக்கை நுனியில் ஒரு பொட்டு. விடிகாலையில் பனியில் நனைந்து தொங்கும்போது அவற்றைப் பூப்பறிப்பதுபோல் பிடிக்கலாம்.

அந்தப் பக்கம் பார்த்துச் சொல்ல ஆள் இருந்தது. வீரசோழன் ஊர்க்காரன் காதர், கல்லூரியில் என் பெஞ்சுக்காரன், மாலத்தீவில் ஒரு ஓட்டலில் வேலை. இடது இறக்கையில் சிவப்புப் பொட்டு தெரிந்தால் உடனே கூப்பிடச் சொல்லியிருந்தேன். அவன் அவற்றுக்குப் பொதுவாக 'செகப்பி' என்று பெயர் வைத்தான்.

ஐப்பசி 23, ஞாயிறு. பரளச்சியில் பெண் பார்க்கும் வைபவம். இது ஏழாவது. முந்தைய ஆறில் அம்மாவுக்குத்தான் ஆசை இருந்தது. இந்த முறை எனக்கே இருந்தது. காரணம், பெண்ணின் விவரத்தாளில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'அகராதி படிப்பது' என்று எழுதியிருந்தது. ஆகவே நடுக்கமும் ஏழு மடங்கு. பஸ் ஏறும்போது அம்மா ஒரே ஒரு கட்டளை போட்டாள்.

"அந்த நோட்ட மட்டும் எடுத்துட்டு வராத."

எடுத்துக்கொண்டு போனேன். (இடுப்பில், சட்டைக்கு உள்ளே.)

பெண் பெயர் கோமதி. காபி கொடுத்துவிட்டு உள்ளறைக் கதவருகே போய் நின்றுகொண்டாள். அவளுடைய அப்பா மழையைப் பற்றி விசாரித்தார். தாய்மாமன், பெரிய மீசைக்காரர், என்னை விசாரித்தார். சேவும் அல்வாவும் வந்தன. எல்லாம் கூடிவரும் வேளையில் என் போன் அடித்தது. காதர்.

என் போனில் காது வைத்துக் கேட்கும் ஒலிபெருக்கி செத்து இரண்டு மாதம். ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசும்; எடுத்தால் ஊருக்கே கேட்கும். எடுத்திருக்கக் கூடாது. பத்தொன்பது நாள் காத்திருந்த கை, மூளையைக் கேட்காமல் எடுத்துவிட்டது.

"ஏலே! ஒஞ் செகப்பி இங்க வந்துட்டா லே!"

மாமா மென்றுகொண்டிருந்த சேவின் சத்தம் நின்றது.

"மாடியில வந்து உக்காந்திருக்கா. நீ வச்சுவிட்ட பொட்டு அப்பிடியே இருக்குலே! போட்டோ எடுக்கவா, வெரட்டி விடவா?"

இந்த இடத்தில் அறிவுள்ளவன் போனை அணைப்பான். நான் குறிப்பெடுப்பவன்.

"வெரட்டாத! மணி என்ன? தனியாவா வந்தா?"

"தனியாவா? கூட முப்பது நாப்பது பேரு வந்துருக்காளுக!"

"எல்லாருக்கும் பொட்டு இருக்கா?"

அம்மா என் கையிலிருந்து போனைப் பறித்தாள். மாமா தட்டைக் கீழே வைத்தார்.

"தம்பி. யாரு அந்தச் செகப்பி?"

"தட்டான், மாமா."

"தட்டார் வீட்டுப் பொண்ணா?" (பொன்வேலை செய்கிறவர்களுக்கும் எங்கள் பக்கம் அதே பெயர்தான். இது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.) "அவுக வீட்டுக்கு இது தெரியுமா?"

"ஐயோ இல்லண்ணே, பூச்சி!" என்றாள் அம்மா.

"அது வேற ஒருத்தியா?"

கோமதியின் அப்பா எழுந்து, தோள் துண்டை எடுத்து உதறி, மறுபடி போட்டார். எங்களைப் பஸ் ஏற்றிவிடும் ஆயத்தம் அது. ஏழாவதும் போகிறது. அதுவும் இந்த ஏழாவது! என்னிடம் இருந்த ஒரே ஆதாரத்தை நம்பினேன். சட்டையைத் தூக்கி, இடுப்பிலிருந்து நோட்டை உருவி மாமாவிடம் நீட்டினேன். எல்லாம் இதில் தேதிவாரியாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கணீரென்று வாசித்தார்.

"ஐப்பசி 4, செவ்வாய். காலை ஆறு இருவது. கண்மாய்க்கரை. காற்று வடகிழக்கு. பதினொருவரைப் பிடித்தேன். இருவர் தப்பினர்…"

அந்த இடத்திலேயே நோட்டை மூடிவிட்டார். என் அப்பா அல்வாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குள் விழுந்துவிட வழி உண்டா என்று தேடினார் என நினைக்கிறேன்.

அப்போது கதவருகிலிருந்து ஒரு குரல் வந்தது. கோமதி என்னிடம் பேசிய முதல் வாக்கியம்:

"பூச்சின்னா 'இருவர்'னு எழுதக் கூடாதுங்க. 'ரெண்டு'."

"தெரியும்," என்றேன். "கடல் தாண்டுறவுக. 'ரெண்டு'ன்னு எழுத மனசு வரல."

அவள் வெளியே வந்தாள். அம்மாவின் கையிலிருந்த போனில் அதே நேரம் டிங் என்று படம் வந்து இறங்கியது. மாமாவும் அவளுமாகச் சேர்ந்து பார்த்தார்கள்.

"இது கட்டவெரலு," என்றார் மாமா.

"வெரலுக்குப் பின்னால பாருங்க மாமா. இறக்கை. செகப்பா இருக்குல்ல?"

"இருக்கு," என்றார் மாமா, கொஞ்சம் ஏமாற்றத்துடன்.

"பொய் சொல்றவரா இருந்தா இதவிட நல்ல பொய்யாச் சொல்லிருப்பாருப்பா," என்றாள் அப்பாவிடம்.

அவர் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தை மாதம் திருமணம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குப் பெயர் 'செகப்பி மாப்பிள்ளை'. காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ, பந்திக்கு நடுவில் மாமா உரக்கக் கேட்பார்: "மாப்ள, முப்பது நாப்பது பேரும் சௌக்கியமா?" புதிதாக வந்த விருந்தாளி திடுக்கிடுவார். உடனே கதை முதலிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு முறையும் நான் பிடித்தவர்களின் எண்ணிக்கை கூடுகிறது. கடைசியாகக் கேட்டபோது அறுபது.

ஒன்றை மட்டும் இங்கே பதிவு செய்யவேண்டும். திருமணத்துக்குப் பிறகு படித்தேன்: பிறவியிலேயே இறக்கையின் அடியில் சிவப்புத் திட்டு உள்ள வேறொரு தட்டான் இனமும் இதே காற்றில் அந்தத் தீவுகளுக்குப் போகிறதாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்பு தெரிகிறது. அது இறக்கையின் நுனியா அடியா என்று தெரியாதபடி காதரின் கட்டைவிரல் மறைக்கிறது. விடுப்பில் வந்தவனிடம், இடது இறக்கைதானா என்று கேட்டேன்.

"எனக்கு எடது வலது எப்பவுமே கொழம்பும்லே," என்றான்.

கோமதியிடம் சொன்னேன். "கல்யாணம் ஆன பெறகு ஏன் இந்த ஆராய்ச்சி?" என்றாள்.

ஆகவே, என் திருமணத்தைக் காப்பாற்றிய அந்தப் பூச்சி அருப்புக்கோட்டையிலிருந்துதான் போனதா என்பது இந்தத் தேதிவரை சரிபார்க்கப்படவில்லை.