புது மயிலம்மாள் வீடு

இயேசு மரி சூசை

சூரமங்கலம்
12-7-1963

அன்புள்ள தங்கை இன்பமேரிக்கு, அக்காள் ஆரோக்கியம் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. சர்வேசுரன் தயவில் இங்கே எல்லாம் சுகம், என் மனசைத் தவிர. பிள்ளைகளின் சுகத்துக்கு எழுது.

எங்கள் தெருவுக்கு டவுன் பஸ் வந்தபோது எதிர்வீட்டு மயிலம்மாளின் வேப்பமரத்தடியில்தான் நின்றது. நின்றது நிழலுக்காக, மயிலம்மாளுக்காக அல்ல. ஆனால் கண்டக்டர் கந்தன், "மயிலம்மா ஊடு எறங்குங்க" என்று கூவ ஆரம்பித்தார். பி.ஏ., எல்.டி. படித்த நான் தினமும் "மயிலம்மாள் வீடு ஒண்ணு" என்று கேட்டு டிக்கெட் வாங்கினேன்.

பொறாமையோ என்று ஜெபமாலைக்கு நடுவில்கூட என்னை நானே விசாரித்தேன். இல்லை, போக்குவரத்து நெரிசல்தான். மரத்தடியில் பஸ் நின்றால், ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு ஏற்றிப்போகும் மாட்டுவண்டிகள் பின்னால் முட்டிக்கொள்கின்றன. எங்கள் வாசலில் தெரு அகலம். இதைப் படம் போட்டு உன் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். பஸ் கம்பெனி மேனேஜர் அல்லவா, மாற்றிக் கொடுத்தார்.

முதல் நாளே ஒரு வண்டிமாடு என் மல்லிகைக் கொடியைத் தின்றது, ஒருவர் வெற்றிலை துப்பிச் சுவரைச் சிவப்பாக்கினார், கோழிக்கூடையோடு ஒரு அம்மாள் "செத்த உக்காந்துக்கறேன் சாமி" என்று கூடத்துக்கே வந்துவிட்டாள், கோழி தப்பி மாதா படத்துக்குப் பின்னால் போய், அதைப் பிடிக்கப் பாதி பஸ் உள்ளே வந்து, அவங்களுக்காக பஸ் நிக்க, பஸ்ஸுக்காக வண்டியெல்லாம் நிக்க, தெருவே அடைச்சுப் போச்சு. பெயராவது கிடைக்குமே என்று பொறுத்துக்கொண்டேன். கந்தன் விசில் ஊதினார். "புது மயிலம்மா ஊடு, ரைட்."

"ஏனப்பா, இது யார் வீடு?"

"உங்க ஊடுதானுங்க டீச்சரம்மா. பழகுன பேர மாத்துனா சனம் கொழம்பிப் போயிருமுங்க."

ஆகவே நிறுத்தத்தை மறுபடி மரத்தடிக்கே மாற்றும்படி உன் வீட்டுக்காரரிடம் சொல். ஏன் என்றால், நெரிசல் என்று சொல்.

தேவமாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அக்காள் ஆரோக்கியம்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மயிலம்மாள் மோர் கொண்டுவந்தாள். "முந்தி எங்கூட்டு முன்னால பத்துப் பேரு நின்னு நாயம் பேசுவாங்க. இப்ப உங்கூட்டுக் கூட்டத்தப் பாத்தா வவுறு எரியுதுங்க டீச்சரம்மா. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன" என்றாள். எனக்கு அப்படிச் சொல்ல வந்ததே இல்லை. நிறுத்தம் இங்கேயே இருக்கட்டும், அவரிடம் ஒன்றும் சொல்லாதே. வளரும் ஊரில் கொஞ்சம் நெரிசல் இருக்கத்தான் செய்யும். மோர் இவ்வளவு தித்திக்கும் என்று எனக்குத் தெரியாது.