நாற்பது சர்வர்களில் என் பயோடேட்டா

பொய் சொல்வதில் எனக்குப் பெரிய சாமர்த்தியம் கிடையாது. இருபத்தாறு வயதில் ஒரே ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன். அதை நாற்பது கம்ப்யூட்டர்கள் சேர்ந்து ஊருக்கே அறிவித்துவிட்டன.

ஹைதராபாதில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் பாக்கி. இதே ஊரில், மல்காஜ்கிரியில், ஒரு பெண் வீட்டார் பயோடேட்டா கேட்கிறார்கள் என்று மதுரையிலிருந்து அம்மா போனில் படுத்தி எடுத்தாள். ஆபீஸிலேயே உட்கார்ந்து டைப் செய்தேன். 'நாற்பது லினக்ஸ் சர்வர்களை நிர்வகிக்கிறார். இவருக்குக் கீழே பத்துப் பேர்.' (எனக்குக் கீழே இருந்தது நாற்காலி மட்டும்தான்.)

அன்றைக்கு ஆபீஸில் எனக்குக் கொடுத்திருந்த வேலை வேறு. சர்வருக்குள் நுழைகிறவர்களுக்குத் திரையில் தெரியும் எச்சரிக்கையைப் புதிதாக எழுதி, மாஸ்டர் சர்வரில் வைக்க வேண்டும். அங்கே வைத்ததை நாற்பது சர்வர்களும் அரை மணிக்கொரு தடவை தாமாகவே நகலெடுத்துக்கொள்ளும். இரண்டு ஃபைலுக்கும் 'ஃபைனல்' என்றே பெயர் வைத்த மேதாவி நான், பயோடேட்டாவைக் கொண்டுபோய் மாஸ்டரில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து ஒரு சர்வரைத் திறந்தால், என் உயரம், நிறம், நட்சத்திரம்! ஒவ்வொரு சர்வராக நுழைந்து அழித்தேன். நாற்பதாவதை முடித்து நிமிர்ந்தால், முதல் சர்வரில் மறுபடியும் நான். மாஸ்டரில் இருப்பதை விட்டுவிட்டு நகல்களை அழித்தால் வராமல் என்ன செய்யும்? பதற்றத்தில் அது உறைக்கவில்லை. வைரஸ்தான் என்று முடிவு கட்டி இரண்டாவது சுற்று கிளம்பினேன்.

தோளில் ஒரு கை விழுந்தது. எங்கள் டீம் லீட் சேவியர் சார். செகந்திராபாதிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; 'வேண்டாம்' என்பதற்கு அந்த ஊர் வழக்கப்படி 'நக்கோ' என்பார். என் வேலை நிரந்தரமாவது அவர் கையெழுத்தில்தான் இருந்தது.

"என்னப்பா, உனக்குக் கீழ பத்துப் பேராமே? அதுல நானும் ஒருத்தனா?"

"சார்... அது... பொண்ணு வீட்டுக்கு..."

"நக்கோ, நக்கோ, அழாத. நாப்பது இடத்துல தொடச்சு என்ன பிரயோஜனம்? மாஸ்டர்ல திருத்து. அப்படியே பொண்ணு வீட்டுக்குப் போற காப்பியிலயும் திருத்து. அப்புறம்தான் கையெழுத்து."

திருத்தினேன். 'இவருக்குக் கீழே யாரும் இல்லை' என்று எழுதி அனுப்பிய ஒரே மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். பெண் பார்க்கப் போன அன்று, அதை எதற்கு எழுதினீர்கள் என்று அவளே கேட்டாள். மறைக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் சிரித்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. வேலையும் நிலைத்தது, கல்யாணமும் நடந்தது.

இப்போதும் விருந்தாளிகள் முன்னால் நான் லேசாக அளக்க ஆரம்பித்தால் போதும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் சத்தமில்லாமல் சொல்வாள்:

"பார்த்துப் பேசுங்க. மாஸ்டர் காப்பி எங்கிட்ட இருக்கு."