ஹாப்வுட் வீட்டுப் பாதிப் புல்

மார்ச் பிறந்தால் இங்கிலாந்தில் புல் வளரும். அதற்காக அது யாரிடமும் முன் அனுமதி வாங்குவதில்லை. இந்த ஒழுங்கீனத்தை டிட்லிங்டன் நகரசபை கவனித்துவிட்டதில்தான் சிரில் ஹாப்வுட்டுக்குக் கஷ்டகாலம் ஆரம்பித்தது.

ஹாப்வுட் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நகரசபையின் வாடகை வீட்டில் இருபத்தாறு வருஷமாகக் குடியிருக்கிறார். வாசலில் நாலு கட்டில் போடுமளவு புல்தரை. மார்ச் வந்தால் பாசியை வாரி எடுப்பார், முள்கரண்டி மாதிரி ஒன்றால் மண்ணைக் குத்திக் காற்றோட்டம் செய்வார், மழை விட்ட நாளாகப் பார்த்து முதல் வெட்டு வெட்டுவார். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

இந்த வருஷம் முகப்பு அழகுத் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. "மேற்படி முகவரியிலுள்ள புல்லானது மூன்று அங்குலத்தை மீறி வளர்ந்திருப்பது கண்ணுறப்பட்டது. ஏழு தினங்களுக்குள் வெட்டப்பட வேண்டியது. மூன்று நோட்டீஸ் பெறும் குடித்தனக்காரர் வீட்டுச் சாவியை ஒப்படைக்கக் கடமைப்பட்டவராவார்."

ஹாப்வுட் பதறிப்போய்ப் புல் வெட்டும் மிஷினை உருட்டினார். பாதி வெட்டியிருப்பார். வேலிக்கு வெளியே மஞ்சள் கோட்டு போட்ட ஒரு பெண்மணி கையைத் தூக்கினாள். உயிரினப் பாதுகாப்புத் துறை அலுவலர் மிஸ் க்ரூ.

"ஐயோ, நிறுத்துங்க சார்! வசந்தத்துல புல்ல வெட்டக் கூடாதுன்னு ஆர்டர் போட்டாச்சு. தேனீக்கள் வரும்."

"எங்கம்மா வருது? குளிர்ல பல்லு கிட்டுது."

"வந்தா எங்க உக்காரும்? அது சரி, இங்க இருந்த பாசி எங்க?"

"வாரிப் போட்டுட்டேன்."

"அடப்பாவமே! உங்களுக்கு முன்னாடியே இங்க குடியிருந்தது அதுதான் சார்."

இரண்டாவது நோட்டீஸை அங்கேயே எழுதி, 'மன்னிக்கணும்' என்று சொல்லிக் கையில் கொடுத்தாள். அந்த ஊரில் கழுத்தை அறுப்பதானாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் அறுப்பார்கள்.

அவளையும் குறை சொல்ல முடியாது. பெரிய மாளிகைக்காரர்கள் அந்த வருஷம் புல்லை வெட்டாமல் விட்டு அதற்கு 'இயற்கை' என்று பெயர் வைத்திருந்தார்கள்; அதைப் பார்த்துத்தான் அவள் துறையும் ஆர்டர் போட்டது. ஹாப்வுட் வீட்டில் அதே புல்லுக்கு முகப்பு அழகுத் துறை வைத்த பெயர் 'புதர்'.

வெட்டினால் மூன்றாவது நோட்டீஸ், வெட்டாவிட்டாலும் மூன்றாவது நோட்டீஸ். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"போய்க் கேளுங்களேன். இந்த வயசுல சாமானத்தத் தூக்கிக்கிட்டு எங்க போறது?" என்று அழாத குறையாகச் சொன்னாள் மனைவி மேவிஸ்.

நகரசபை ஆபீசுக்குப் போனார். முகப்பு அழகு அதிகாரி பில்லிங்கும் மிஸ் க்ரூவும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஒரே கெட்டிலில் டீ போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களா?"

"தினமும் பேசறோமே," என்றார் பில்லிங். "மழையப் பத்தி."

"என் புல்ல என்ன பண்றது, அதச் சொல்லுங்க சார்."

பில்லிங் யோசித்தார். "பாதிதான வெட்டினீங்க? அத அப்படியே விட்டுருங்க. வெட்டின பாதி என் துறைக்கு, வெட்டாத பாதி மேடம் துறைக்கு. கோடு மட்டும் நேரா இருக்கணும்."

இந்த யோசனையின் அழகில் நகரசபையே சொக்கிப்போனது. 'டிட்லிங்டன் பாதி' எல்லா வாடகை வீட்டுக்கும் கட்டாயமாயிற்று. கோடு வளைந்தால் நோட்டீஸ். கோட்டை அளக்க ஊதியமில்லாத கௌரவக் கோட்டுப் பரிசோதகர் ஒருவர் வேண்டியிருந்தார். ஹாப்வுட்டைக் கூப்பிட்டு ஒரு பேட்ஜும் அளவு நாடாவும் கொடுத்தார்கள்.

பேட்ஜ் குத்தியதும் மனிதருக்கு நடையே மாறிவிட்டது. டீ குடிக்கும்போதுகூட மேவிஸை "குடித்தனக்காரரின் மனைவி" என்றுதான் குறிப்பிட்டார். முதல் வாரத்திலேயே பதினோரு நோட்டீஸ். பன்னிரண்டாவது, பக்கத்து வீட்டு பெர்னார்டுக்கு.

"ஏன்யா, முந்தாநாள் வரைக்கும் என் மிஷினத்தான கடன் வாங்கின?" என்று பெர்னார்ட் எகிறினார்.

"கடமைன்னு ஒண்ணு இருக்கு பெர்னார்ட். ரெண்டு அங்குலம் வளைஞ்சிருக்கு."

"ஓஹோ! உன் கோட்ட யாரு அளந்தா?"

நியாயமான கேள்வி. ஹாப்வுட் அங்கேயே, தெரு பார்க்க, முழங்கால் போட்டுத் தன் கோட்டை அளந்தார். இரண்டே கால் அங்குல வளைவு. பேனாவை எடுத்தார்.

"வேணாங்க!" என்று மேவிஸ் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "இது மூணாவது! வீடு போயிடும்!"

"ரூல்னா ரூல்தான் மேவிஸ்," என்று சொல்லி, தன் பெயருக்கே நோட்டீஸ் எழுதி, தன்னிடமே கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டார். தெருவே கைதட்டியது. இப்படியொரு நேர்மையான மனிதரைப் பார்த்ததில்லை என்று பெர்னார்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மேவிஸ் சட்டிபானை கட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் தெருக்காரர்கள் வரிசையாக, இடிக்காமல், குடை பிடித்து நின்றார்கள். ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். எல்லோருக்கும் டீ போட்டு எடுத்துப் போனாள்.

முதல் ஆளாக நின்ற பெர்னார்ட் டீயை வாங்கிக்கொண்டு, "மன்னிக்கணும் மேவிஸ்," என்றார். "இந்த வீட்டுக்கு மனு குடுக்கற கியூ இதுதான?"