சுரங்கப்பாதைக்குப் பூட்டு

இன்று என் மனைவியை எப்படியும் பேச வைத்துவிடுவது என்று முடிவு கட்டினேன். என்னோடு.

ஊருக்கெல்லாம் டெலிபோன் லைன் இழுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். என் வீட்டில் என்னோடு பேச ஆளில்லை. அவளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை, வீட்டிலிருந்தே. காலையில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் ஆபீஸோடுதான் குடித்தனம். ஹாலில் எனக்குத் துணை வைஃபை ரூட்டர் ஒன்றுதான். அதுவாவது அவ்வப்போது கண் சிமிட்டும்.

அவள் கம்ப்யூட்டர் ஆபீசுக்குள் நுழையும் ரகசியச் சுரங்கப்பாதைக்கு விபிஎன் என்று பெயர். முதலில் அது எங்கள் ரூட்டரைத் தாண்டவில்லை. நான்தான் செட்டிங்கைக் குடைந்து, விபிஎன்னை அனுமதிக்கும் கட்டத்தில் டிக் போட்டு வழிவிட்டேன். அன்று சாயங்காலம் முழுக்க என் தோளை ஒட்டி உட்கார்ந்து, "வந்துச்சா? வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு நெருக்கமில்லை.

ஆகவே இன்று டிக்கை எடுத்தேன். இரண்டு கப்பில் காபி ஊற்றி வைத்துக் காத்திருந்தேன். காபி ஆறியது. ஏடு கட்டியது. ஒருவழியாகக் கதவு திறந்தது.

"ஏங்க, விபிஎன் வரல."

"அடடா! வா, உக்காரு. பொறுமையா பாக்கலாம்."

"வேணாங்க. ஆபீஸ்ல சொல்லிட்டேன். நாளையிலேருந்து நேர்ல வரச் சொல்லிட்டாங்க."

"நேர்லயா? தினமுமா?"

"தினமும்தான். ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துருவேன்."

கதவு மூடியிருந்தாலும் அவள் இருமுவதாவது கேட்கும். அதுவும் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்? போனை எடுத்தேன், ரூட்டர் செட்டிங்கைத் திறந்தேன், டிக் போட்டேன்.

"வந்துருச்சு பாரு!"

"அட, கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள! அன்னிக்கு ஒரு சாயங்காலமே ஆச்சே?"

போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"ஆபீஸ்ல யாரும் நேர்ல வரச் சொல்லல, சும்மா சொன்னேன். காலையிலேருந்து என் போன் நெட்டுலதான் வேலை ஓடுது. கை வச்சது யாருன்னு தெரிய வேணாமா?"

"பேச ஆளில்லம்மா..." என்றேன்.

அவள் முகம் இளகியது. பக்கத்தில் உட்கார்ந்து, ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்தாள். "இதை வாய் விட்டுச் சொன்னா என்னவாம்?" என்றாள். நான் சொல்ல வாயெடுப்பதற்குள், "ஐயோ, மீட்டிங்!" என்று எழுந்தாள்.

வயர் நீளமாகத்தான் இருந்தது. ரூட்டரையும் கையோடு அறைக்குள் எடுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

இனி ஹாலில் கண் சிமிட்டவும் ஆளில்லை.