சட்டை கசங்கக் கூடாது

"டிங்... டிங்... டிங்..."

லால்குடிக்கு மாப்பிள்ளை பார்க்கப் புறப்பட்ட பஷீர் அகமதுவின் புதுக் கார், தெருமுனை தாண்டும் முன்பே கத்தத் தொடங்கியது.

"பெல்ட்டப் போடுங்க, நின்னுடும்," என்றாள் பக்கத்து சீட்டில் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்த மனைவி ஜஹானாரா.

"கஞ்சி போட்டு, ரெண்டு தடவை இஸ்திரி போட்ட சட்டை. பெல்ட் போட்டா குறுக்கால கோடு விழும். சம்பந்தி என் மூஞ்சியப் பாப்பாரா, கோட்டப் பாப்பாரா?"

தரகர் கொண்டுவந்த இடம். தாம் பார்த்து முடிவு செய்தபின் மகள் மெஹ்ரீனுக்குச் சொன்னால் போதும் என்பது பஷீரின் கட்சி. அப்பேர்ப்பட்டவருக்குக் காரா புத்தி சொல்வது? பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டினார். சத்தம் நின்றது. காரை ஏமாற்றிவிட்டதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

கொள்ளிடம் பாலம் வருவதற்குள் பெல்ட் முதுகை அறுத்தது. கைக்குட்டையை மடித்து இடையில் செருகினார். அது நழுவியது. நம்பர் ஒன் டோல்கேட் அருகே ஒரு கையைப் பின்னால் விட்டு அதைத் துழாவினார். கார் சாலையின் நடுச்சுவர்ப் பக்கம் போனது.

மடார்!

முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போன கார் நின்றது. ஜஹானாராவைத் தோளிலும் இடுப்பிலும் பெல்ட் பிடித்து நிறுத்தியது. பஷீர் அகமதுவைப் பிடிக்க யாருமில்லை. அவர் அதே முப்பதில் தொடர்ந்து போய் ஸ்டியரிங்கில் நின்றார், மூக்கால்.

"வண்டி நின்னுடுச்சு, நீங்க நிக்கலையே!" ஜஹானாரா தன் பெல்ட்டைக் கழற்றினாள். "வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"மொதல்ல லால்குடி. அங்க யார்கிட்டயும் பெல்ட்டப் பத்தி மூச்சு விடக் கூடாது."

அவர் ரத்தத்தைத் துடைத்து ஆட்டோ பிடிப்பதற்குள், அவள் மகளுக்கு மட்டும் போனில் சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளை அயானின் அப்பா அப்துல் சலாம் பதறிப் போனார். "என்ன பாய், மூக்கு இப்படி வீங்கியிருக்கு?"

"குறுக்கால ஒரு ஆடு வந்துடுச்சு..."

"ஆடா?" குரலில் மரியாதை போதவில்லை.

"ஆட்டுக்குப் பின்னாடி ஒரு கொழந்த!"

"அல்லாஹ்! பெல்ட் போட்டிருந்தீங்கல்ல?"

"போடாம சாவியத் திருப்பவே மாட்டேனே! இன்னிக்கு அதுதான் உசிரக் காப்பாத்துச்சு."

ஜஹானாரா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா மஹ்ஜபீன் துண்டில் சுற்றிய ஐஸ்கட்டியோடு வந்தாள்.

"மூக்குல வைங்கண்ணே. 'அத்தா பெல்ட்ட முதுகுக்குப் பின்னாடி மாட்டி மூக்க ஒடச்சிட்டு வர்றாங்க, ஐஸ் எடுத்து வைங்க மாமி'ன்னு மெஹ்ரீன் அப்பவே போன் பண்ணிடுச்சு. மூணு வருஷமா எங்க அயான்கிட்ட தெனம் பேசுற புள்ள, இன்னிக்கு மட்டும் பேசாம இருக்குமா?"