சந்திக்கு வந்திட்டன்

நான் பொய் சொல்லாதவன். எங்கே நிற்கிறாய் என்று யாராவது கேட்டால் மட்டும் முன்பு சொல்வேன்.

இதற்குக் காரணம் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு நேர முகாமைத்துவக் குறிப்பு. பிந்திவிட்டது என்று வாயால் சொன்னால் மனம் பதறுமாம். காரியம் முடிந்துவிட்டதாகவே பேசிப் பழகினால் உடம்பு தானாக நேரத்துக்கு வந்து சேருமாம். (முதல்நாளே ஆயத்தமாகும்படியும் அதில் இருந்திருக்கிறது. அவ்வளவு தூரம் வாசிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.)

ஆறு வருடங்களுக்கு முன் அண்ணனுக்குக் கல்யாணம். தாலிக்கான பொன்னுருக்குச் சடங்கு எங்கள் வீட்டில்; நல்ல நேரம் காலை பத்தே கால் முதல் பத்தே முக்கால் வரை. பொன்னை உருக்கும் பொற்கொல்லரான பத்தரை மானிப்பாயிலிருந்து மருதனார்மடத்துக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றி வருவது என் பொறுப்பு. எனக்குக் கிடைத்த ஒரே பொறுப்பும் அதுதான்.

வீடு நிறைய விருந்தாளிகள், குளியலறை ஒன்று. அதனால் பக்கத்து ஒழுங்கையில் நண்பன் வீட்டுக் கிணற்றடிக்குப் போனேன். ஒன்பதரைக்கு அம்மா போன் எடுத்தார்.

"தம்பி, எங்கை நிக்கிறாய்?"

"மானிப்பாயிலை, அம்மா," என்றேன், தலையில் சவர்க்கார நுரையோடு.

பத்து மணிக்கு மறுபடியும் எடுத்தார். "பத்தரோடை வந்துகொண்டிருக்கிறன்," என்றேன். அப்போது வேட்டியோடு போராடிக்கொண்டிருந்தேன்.

பத்து இருபத்தைந்துக்குப் பத்தரின் வாசல் கேற்றடியில் நின்றபடி, "மருதனார்மடச் சந்திக்கு வந்திட்டம்," என்று அம்மாவுக்குப் போனில் சொன்னேன். எட்டு மணியிலிருந்து பையோடு காத்திருந்த பத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, இது மானிப்பாய்."

"ஓம் ஐயா. ஏறுங்கோ."

சந்திக்கு வந்தவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும் என்று அங்கே வீட்டில் மாமா கரி அடுப்பை மூட்டிவிட்டார். அண்ணனைப் பட்டுவேட்டியோடு பாயில் இருத்தினார்கள். ஐம்பது பேர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போய் இறங்கும்போது மணி பத்து ஐம்பத்தைந்து. கரி சாம்பலாகியிருந்தது.

அடுத்த நல்ல நேரம் பின்னேரம் மூன்று இருபதுக்கு. பொன் உருகாமல் பந்தி கிடையாது. சமையல்கட்டிலிருந்து கத்தரிக்காய்க் குழம்பு மணத்துக்கொண்டிருக்க, ஐம்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்த அண்ணனின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

"அம்மா முதல் எடுக்கேக்கை நீ எங்கை நிண்டனி?" என்று அண்ணன் கேட்டார்.

"கிணத்தடியிலை."

அன்று நான் சொன்ன முதல் உண்மையான விலாசம் அது.

அதன்பிறகு திருந்திவிட்டேன். இரவே உடுப்பை மடித்து வைக்கிறேன். நிற்கிற இடத்தை மட்டும் சொல்கிறேன். போன மாதம் அண்ணன் மகளின் பிறந்தநாளுக்குச் சொன்ன நேரத்துக்கு முன்பே கேக்கோடு போய்விட்டேன். கேற் பூட்டியிருந்தது. பெருமையாகப் போன் எடுத்தேன்.

"அண்ணை, உங்கடை கேற்றடியிலை நிக்கிறன்."

"ஓம் ஓம்," என்றார் அண்ணன். "ஆறுதலாக் குளிச்சிட்டு வா."

போனை வைத்துவிட்டார். கேக் பெட்டியை ஏந்தியபடி நாற்பது நிமிடம் நின்றேன்.